உண்மை கடன், உறவு கொடை

அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ வாழும் அயர்லாந்து வழிவந்த குடும்பம் ஒன்றில், முன்னோரைப் பற்றி எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம்தான்: ‘நம் பாட்டனாரின் தந்தை மேயோ மாவட்டத்திலிருந்து வந்தவர்.’ ஊர் எது, பெற்றோர் யார், அவர்கள் எந்தக் கல்லறையில் துயில்கின்றனர் என்பதொன்றும் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்காகத் தேடுவோர் இன்று பலர். இத்தேடல் எதற்கு? குலப்பெருமை பேசுவதற்கா? முடிவில்லாத மூதாதையர் பட்டியல்களில் மனத்தைச் செலுத்த வேண்டாம் எனத் திமொத்தேயுவுக்கு எழுதிய திருமுகத்தில் அறிவுரை காண்கிறோமே! இறந்தோரின் பெயரைத் தேடுவது வீண் ஆவலா, அன்றி அறக்கடமையா? சற்றே சிந்திப்போம்.

அயர்லாந்தின் மறதி இயல்பாக வந்ததன்று. 1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தீவின் மக்கள் சுமார் 82 லட்சம். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. அதைத் தொடர்ந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். 1851-இல் எஞ்சியிருந்தோர் சுமார் 65 லட்சமே. மகனோ மகளோ புறப்படுமுன் சுற்றமும் அயலாரும் கூடி, பிணத்தருகே விழித்திருப்பதுபோல் இரவெல்லாம் விழித்திருப்பர். அமெரிக்காவுக்குச் செல்வோரை உயிரோடிருக்கும்போதே இழவு காத்து அனுப்பிய வழக்கம் அது. மீண்டும் முகம் காண இயலாது என்பதை இருதரப்பாரும் அறிந்திருந்தனர்.

மக்கள் சிதறியது போதாதென்று ஏடுகளும் அழிந்தன. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் நகரின் பொதுப் பதிவகம் வெடித்துத் தீப்பற்றிப் பல நூற்றாண்டு ஆவணங்களை இழந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதில் கருகிற்று. 1861, 1871 ஆண்டுகளின் ஏடுகளை அரசே முன்னர் அழித்திருந்தது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாயின. இன்று முழுமையாகக் கிடைக்கும் கணக்கெடுப்புகளில் மிகப் பழையது 1901-ஆம் ஆண்டினதே.

எனினும் கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் தப்பின. அவை டப்ளின் பதிவகத்திற்குச் செல்லாமல் அந்தந்தப் பங்கிலேயே இருந்தன. குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், பிறந்த குடிப்பெயரோடு தாயின் பெயர், ஞானப்பெற்றோர் பெயர்கள், ஒரு நாள் - ஒரு திருமுழுக்குப் பதிவு பொதுவாக இவ்வளவே. அவ்வேடுகளின் படங்களை அயர்லாந்தின் தேசிய நூலகம் 2015-இல் யாவரும் இலவசமாகக் காணுமாறு இணையத்தில் வெளியிட்டது. விளக்கொளியில் அவசரமாக எழுதிய ஏதோ ஒரு குருவின் கையெழுத்து, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பத்துக்கு வேராகிறது.

ஆயினும் ஏடு மட்டும் போதாது. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயரையும் இடுவது அந்நாட்டின் பழைய வழக்கம். எனவே ஒரே பங்கில், ஒரே காலத்தில், ஒரே பெயரோடு நான்கைந்து பேர் இருப்பர். ஆதலால் ‘இவரே நம்மவர்’ என்று காட்டுவதற்கு ஏட்டைக் காட்டிலும் ஆள் வேண்டும். அங்கேதான் தூரத்து உறவினர் தேவைப்படுகிறார். ஒருவர் வீட்டில் பழைய கடிதம் ஒன்று இருக்கும். இன்னொருவரிடம் கல்லறை வாசகத்தின் படி இருக்கும். ஊரிலேயே தங்கிவிட்ட கிளையினருக்கு இடிந்த வீட்டின் இடம் தெரிந்திருக்கும். முகமறியாத இருவர் ஒரே கொள்ளுப்பாட்டனார் வழியினர் என்பதற்கு இன்று மரபணுச் சோதனையும் சான்று தருகிறது. தம் முன்னோரின் கதையை எவரும் முழுமையாகத் தம் வீட்டில் வைத்திருப்பதில்லை. அதன் ஒரு பகுதி, பெயர்கூடத் தெரியாத ஒருவர் கையில் இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அந்த உறவினர் நமக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? கிடைக்கும் செய்தி எப்போதும் இனிப்பதில்லை. கால்வே மாவட்டத்தின் டூவாம் நகரில், மணமாகாத தாய்மார்க்கும் அவர்தம் குழந்தைகளுக்குமான இல்லம் ஒன்று 1925 முதல் 1961 வரை இயங்கிற்று. அதை நடத்தியோர் துறவறச் சகோதரிகள். அதனோடு தொடர்புடைய 796 குழந்தைகளின் இறப்புப் பதிவுகளைக் கேத்தரின் கோர்லஸ் என்னும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர் ஒவ்வொன்றாகத் திரட்டினார். அக்குழந்தைகளை அடக்கம் செய்த பதிவுகளோ கிட்டவில்லை. 2014-இல் உலகம் இதை அறிந்தது. 2017-இல் அவ்விடத்தில் குழந்தைகளின் எச்சங்கள் இருப்பது உறுதியாயிற்று. 2021-இல் அரசும் அச்சபைச் சகோதரிகளும் மன்னிப்புக் கேட்டனர். 2025-இல் முறையான அகழ்வு தொடங்கிற்று. அக்குழந்தைகளுக்குச் சந்ததி இல்லை. அவர்களை இன்னாரென அடையாளம் காண, உடன்பிறந்தோரும் உறவினரும் தம் மரபணுவைத் தர முன்வந்துள்ளனர். திருச்சபையின் மக்களாகிய நாம் இதைத் தலைகுனிந்துதான் எழுதுகிறோம். மானம் காப்பதற்காக மறைத்தது மானத்தையும் காக்கவில்லை, அன்பையும் கொன்றது.

அப்படியாயின், அறிந்ததையெல்லாம் அம்பலமாக்குவதுதான் அறமா? உயிரோடிருக்கும் தாய் ஒருத்தி, இளமையில் நேர்ந்ததைத் தன் கணவருக்கும் மக்களுக்கும் சொல்லாமல் வாழ்ந்திருக்கலாம். அவள் வாசலில் போய் நிற்க எவருக்கு உரிமை உண்டு? தத்துக் கொடுக்கப்பட்டோர் தம் பிறப்புச் சான்றைப் பெறும் உரிமையை அயர்லாந்து 2022-இல் சட்டமாக்கிற்று. தொடர்பு வேண்டாம் எனத் தாய் விரும்பினால், அவ்விருப்பத்தைப் பதிவு செய்யவும் அதே சட்டம் வழி வைத்தது. இதில் ஆழ்ந்த ஒரு நெறியைக் காண்கிறோம். ‘நீ யாரிடமிருந்து வந்தாய்’ என்னும் உண்மை, கேட்பவருக்குச் செலுத்த வேண்டிய கடன். உறவோ கடனன்று, கொடை. கடனை நீதியின் பெயரால் கேட்கலாம். கொடைக்காகக் காத்திருக்கத்தான் முடியும். கடனை மறுப்பது அநீதி. கொடையை வற்புறுத்திப் பறிப்பது வன்முறை.

மத்தேயு தரும் தலைமுறை அட்டவணையை இந்த ஒளியில் மீண்டும் படித்துப் பார்ப்போம். தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி - பெருமை நாடி எழுதுபவர் மறைத்திருக்கக்கூடிய பெயர்களை நற்செய்தியாளர் மறைக்கவில்லை. தம்மை உயர்த்திக்கொள்ளப் பட்டியல் தேடுவதையே திருமுகம் கண்டிக்கிறது. விடுபட்ட பெயரை அதன் இடத்தில் சேர்ப்பதற்காகத் தேடுவது வேறு. அது இரக்கச் செயல். புனிதர்களுடைய சமூக உறவை நம்புகிறோம் என ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம், இறந்தோர் நம்மைவிட்டு முற்றிலும் அகன்றவர் அல்லர் என்றே சொல்லுகிறோம்.

திருமுழுக்கு ஏட்டில் பெயர்களை எழுதுகையில், அது வெறும் அலுவல் என்று நாமும் சலித்ததுண்டு. இப்போது அவ்வாறு எண்ண இயலவில்லை. பிறக்காத ஒருவர் என்றோ ஒரு நாள் அந்த வரியை விரலால் தொட்டுப் படிக்கக்கூடும். தெளிவாக எழுதுவோம், எவர் பெயரையும் விடாது எழுதுவோம். தூரத்து உறவினர் ஒருவர் வந்து தம் முன்னோரைப் பற்றிக் கேட்டால், நம்மிடம் உள்ள பகுதியைத் தயங்காது கொடுப்போம். அது நமக்கு மட்டும் சொந்தமானதன்று.