முதலில் ஏன் சொல்லவில்லை?

1966இல் உளவியலாளர்கள் எண்டல் டல்விங்கும் ஜீனா பேர்ல்ஸ்டோனும் பள்ளி மாணவர்களுக்குச் சொற்பட்டியல்களை வாசித்துக் காட்டி, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். விலங்கு, ஆயுதம் என்று வகை பிரித்த பட்டியல்கள். வெறும் தாளில் எழுதியவர்கள் ஏராளமாக விட்டுவிட்டார்கள். அவர்களிடமே வகைகளின் பெயரைக் கொடுத்து மறுபடி கேட்டபோது, விட்ட சொற்களில் பல வந்து நின்றன. மறதி இருவகை என்று டல்விங் 1974இல் எழுதினார்: பதிந்த தடமே அழிவது ஒன்று; தடம் இருந்தும் அதை எழுப்பும் குறிப்பு கிடைக்காமல் போவது மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மௌனம்தான்.

அடுத்த ஆண்டு கோடனும் பேட்லியும் முக்குளிப்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நீருக்கடியில் கற்ற சொற்கள் நீருக்கடியிலும், கரையில் கற்றவை கரையிலும் நன்றாக நினைவுக்கு வந்தன. 2021இல் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. பாடப்புத்தகங்களுக்கு மட்டும் மறதி வருவதில்லை. அந்த முக்குளிப்பவர்கள் இன்னும் அங்கே நீந்திக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் குறிப்பின் வலிமைக்கு வேறு சான்றுகள் நிறைய உண்டு.

என்னை உறுத்துவது சோதனைக்கூடம் அல்ல, அகதி விசாரணை அறை. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு ஐரோப்பாவில் தஞ்சம் கேட்டவர்களுக்கு அது பழகிய இடம். வெள்ளைச் சுவர், மேசை, மொழிபெயர்ப்பாளர். எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை பேர் வந்தார்கள்? தஞ்சம் கேட்பவரிடம், ஆட்கள் வந்த அந்த இரவு வேறு விதமாகப் பதிந்திருக்கிறது: நல்லூர்க் கோயில் தேருக்கு மறுநாள், போர்க்காலப் பொருளாதாரத் தடைக் காலம், மண்ணெண்ணெயைச் சேமிக்க ஏற்றிய ஜாம் போத்தல் விளக்கு. படிவத்தில் நாள், மாதம், வருடத்துக்குக் கட்டங்கள் இருக்கின்றன. தேருக்குக் கட்டம் இல்லை.

மாதங்கள் கழித்து எங்கோ மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். விட்டுப்போன ஒரு முகம் அப்போது ஞாபகத்துக்கு வரும். அதை மேல்முறையீட்டில் சொன்னால், "முதலில் ஏன் சொல்லவில்லை?" என்பார்கள். நினைவு தன் இயல்புப்படி நடந்துகொண்டதே சந்தேகத்துக்கு ஆதாரமாகிவிடும்.

2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனில் தங்க ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்த கொசோவோ, பொஸ்னிய அகதிகளிடம் அவர்கள் அனுபவித்ததை இருமுறை கேட்டிருந்தார்கள். பொய் சொல்லி அவர்களுக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை. இருந்தும் இரண்டு விவரிப்புகளுக்கும் இடையே முரண்பாடுகள் சாதாரணமாகவே இருந்தன.

குறிப்பை அதிகாரியே எடுத்துக் கொடுத்துவிடலாமே என்றால், அதிலும் ஆபத்து இருக்கிறது. கேள்வியின் ஒரு சொல்லே இல்லாத நினைவை நட்டுவிடும் என்று உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் காட்டியிருக்கிறார். இதற்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1980களில் ஃபிஷரும் கைசல்மனும் காவல்துறைக்காக வகுத்த விசாரணை முறையில், அன்றைய இடத்தையும் வாடையையும் வானிலையையும் சாட்சியே மனத்தில் மீட்டுக்கொண்டு, தன் போக்கில் பேச விடுவார்கள். குறுக்கிடக் கூடாது. கேட்பவர் நெடுநேரம் சும்மா இருக்க வேண்டும். அகதி விசாரணை அதிகாரிக்கோ அன்றைக்கே இன்னும் சில கோப்புகளை முடித்தாக வேண்டியிருக்கிறது.