அளவு என்னும் நோன்பு

வீட்டுக்குக் கணினி வாங்குவதை அறம் சார்ந்த கேள்வி என்று சொன்னால் பலருக்கு அது மிகையாகத் தோன்றும். விலை, வேகம், உத்தரவாதம் மூன்றையும் பார்த்து முடித்துவிடக்கூடிய காரியத்துக்குள் ஆன்மிகம் எங்கே வந்தது என்று கேட்பார்கள். ஆனால் நம் மண்ணில் வேரூன்றிய சமயங்கள் இல்லறத்தாரின் பக்தியை அவர் சன்னிதியில் நிற்கும் நேரத்தை வைத்து மட்டும் எடை போட்டதில்லை. என்ன வைத்திருக்கிறார், எவ்வளவு வைத்திருக்கிறார், அது எப்படி அவர் கைக்கு வந்தது என்றும் கேட்டிருக்கின்றன. அந்தக் கேள்விகள் நிலத்துக்கும் பொன்னுக்கும் பொருந்தும் என்றால், இன்று ஒவ்வொரு வீட்டிலும் இடம்பிடித்துவரும் மின்னணுப் பொருளுக்கும் பொருந்தும். ஒரு பொருளின் எல்லையை அது செய்ய வேண்டிய வேலைதான் வகுக்க வேண்டும். அந்த எல்லையைக் கடைக்குப் போகும் முன்பே வகுத்துக்கொள்வது இல்லறத்தில் இருப்பவர்களுக்குக் கைகூடும் துறவு. அதைப் பழகிப் பார்க்க, அன்றாட வேலைக்கு ஒரு சிறிய மேசைக் கணினியைத் தேர்ந்தெடுக்கும் தருணம் மிக நல்ல தொடக்கம்.

இந்தக் கேள்வியை எழுப்பப் பொருத்தமான இடம் ஸ்ரீ சிட்டி. சென்னையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டரில், தடாவை ஒட்டி, தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சத்தியவேடு, வரதய்யபாளையம் பகுதிகளில் 2008இல் இந்தத் தொழில் நகரம் தொடங்கியது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இது, 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது. ஷாவ்மி நிறுவனத்தின் கைபேசிகளை 2015இல் ஃபாக்ஸ்கான் இங்கேதான் பொருத்தத் தொடங்கியது. சென்னை மெட்ரோவின் பெட்டிகள் பல இங்குள்ள ஆல்ஸ்டாம் ஆலையில் உருவாயின. குளிர்சாதனம், வாகனம், தின்பண்டம் என்று பொருள்கள் இரவு பகலாக வெளியேறும் ஊர் இது. இதே மாவட்டத்தில்தான் காளத்தியும் திருமலையும் இருக்கின்றன. தலைமுடியைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, உண்டியலில் போட்டதைத் திரும்பிப் பார்க்காமல் மக்கள் இறங்கி வரும் மலை திருமலை. பொருளைப் பெருக்கும் கையும் பொருளை விடக் கற்றுக்கொண்ட மனமும் ஒரே குடும்பத்தில், பல நேரம் ஒரே ஆளிடம் இருக்கின்றன. வாரம் முழுதும் ஆலையில் எண்ணிக்கையைக் கூட்டுபவர், விடுமுறை நாளில் மலையேறிப் போய் எண்ணாமல் கொடுக்கிறார். இவ்விரண்டுக்கும் நடுவில் வீடு இருக்கிறது. வீட்டுக்குரிய நெறி என்ன?

முதலில் வீட்டின் வேலையைப் பார்ப்போம். பிள்ளைகளின் பாடம், கடிதமும் விண்ணப்பமும், வங்கிக் கணக்கு, அரசுச் சான்றிதழ்கள், வெளியூரில் இருப்பவர்களோடு காணொளிப் பேச்சு, மாலையில் ஒரு படம். இவ்வளவுக்கும் உள்ளங்கையை விடச் சற்றே பெரிய பெட்டி போதும். 2023இல் வெளிவந்த இன்டெல் என்100 போன்ற செயலிகள் 6 வாட் வரம்புக்கு வடிவமைக்கப்பட்டவை. 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இருந்தால் மேற்சொன்ன வேலைகள் தடையின்றி நடக்கும். 16 ஜிபி இருந்தால் பல வருடங்களுக்குக் கவலையில்லை. இன்னும் வேகமானது வேண்டும் என்ற ஆசை எவ்வளவு தூரம் உண்மையைத் தொடுகிறது என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. திருமலையின் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டுகளைத் தேவஸ்தானம் மாதந்தோறும் இணையத்தில் வெளியிடுகிறது. அந்த நிமிடத்தில் லட்சம் ரூபாய்க் கணினியோடு இருப்பவரும் பழைய கைபேசியோடு இருப்பவரும் ஒரே மெய்நிகர் வரிசையில்தான் நிற்கிறார்கள். அங்கே தாமதம் சர்வரிலும் இணைப்பிலும் இருக்கிறது, மேசைமேல் இருக்கும் பெட்டியில் இல்லை. அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். நாம் காத்திருப்பது வேறொரு இடத்துக்காக. அந்தக் காத்திருப்பைப் பணம் கொடுத்துக் குறைத்துவிடலாம் என்ற எண்ணம்தான் தேவையை விடப் பெரிய பெட்டியை வாங்க வைக்கிறது.

இந்த எண்ணத்தைச் சமண மரபு மிகத் துல்லியமாக அறிந்திருந்தது. துறவிக்கு அது எதையும் வைத்துக்கொள்ளாமை என்ற முழு விரதத்தைச் சொன்னது. இல்லறத்தாரிடம் அதைக் கேட்கவில்லை. அவருக்குரிய ஐந்து அணுவிரதங்களில் கடைசியாக, பொருளை அளவோடு வைத்துக்கொள்வதைச் சொன்னது. நிலம், வீடு, வெள்ளி, பொன், தானியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லையை அவரே வகுத்துக்கொள்ள வேண்டும். இல்லறத்தாரின் ஒழுக்கத்தைப் பேசும் அருங்கலச்செப்பு என்ற தமிழ் நூல் வழியாகவும் இந்த நெறி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. எல்லையை வகுப்பவர் குருவோ அரசனோ அல்ல, அந்த வீட்டுக்காரரே. எல்லை வகுக்கப்படுவது பொருள் கண்முன் வருவதற்கு முன்னால், மனம் அமைதியாக இருக்கும்போது. பற்று என்பதைப் பொருளின் எண்ணிக்கையாகக் கொள்ளாமல், பொருளின்மேல் வரும் மயக்கமாகவே தத்துவார்த்த சூத்திரம் வரையறுத்தது. கடையின் வெளிச்சத்தில், விற்பவரின் பேச்சில், இன்னும் நாலாயிரம் போட்டால் அடுத்த மாடல் என்ற கணக்கில் நம்மைப் பிடிப்பது அந்த மயக்கமே. அதற்குக் கடையில் நின்றுகொண்டு மருந்து தேட முடியாது. அதனால்தான் விரதம் முன்கூட்டியே எடுக்கப்படுகிறது.

இதெல்லாம் துறவிகளின் பேச்சு, குடும்பக்காரர்களுக்கு எதற்கு என்று ஒரு மறுப்பு எழும். திருக்குறளின் அமைப்பே இதற்கு விடை சொல்கிறது. ஆசையை வேரோடு அறுப்பதைப் பேசும் அவா அறுத்தல் அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது. அளவறிந்து வாழ்வதையும் வரவுக்கு மேல் செலவு போகாமல் காப்பதையும் சொல்லும் குறள்களோ பொருட்பாலில், வலியறிதல் அதிகாரத்தில், நாட்டை ஆள்பவனுக்கு உரியவையாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஆசையின்மையும் அளவும் ஒன்றல்ல என்பது வள்ளுவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. முன்னது விட்டு விலகுபவரின் அறம். பின்னது பொருளோடு பழகி, பொருளை வைத்துக் காரியம் செய்பவரின் அறிவு. வீட்டுக்குக் கணினி வேண்டாம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. எதற்காக வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு வாங்கினால் போதும். பௌத்தத் துறவிகள்கூட உடையையும் உணவையும் மறுப்பதில்லை. குளிரும் வெயிலும் கொசுக்கடியும் தடுக்க இந்த உடை என்று பயனை நினைத்துக்கொண்டு உடுத்துகிறார்கள். பயனைச் சொல்லிக்கொள்ளும்போது பொருள் தன் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. பெட்டி சிறியது என்பதாலேயே அது அளவானது ஆகிவிடாது. 15 வாட்டில் ஓடும் சிறு கணினியையும் 75 வாட் எடுக்கும் பெரிய கணினியையும் தினம் நான்கு மணி நேரம் இயக்கினால், வருடத்துக்கு முன்னது ஏறக்குறைய 22 யூனிட்டும் பின்னது 110 யூனிட்டும் இழுக்கும். இந்தச் சேமிப்பு நல்லதுதான். ஆனால் கணினியின் பெரும் சுமை நம் வீட்டு மீட்டரில் தெரிவதில்லை. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்ட ஆய்வு, 17 அங்குலத் திரையோடு 24 கிலோ எடையுள்ள அந்தக் காலத்து மேசைக் கணினி ஒன்றைச் செய்ய 240 கிலோ புதைபடிவ எரிபொருளும், 22 கிலோ ரசாயனமும், ஒன்றரை டன் தண்ணீரும் செலவாவதாகக் கணக்கிட்டது. அதன் வாழ்நாள் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு, வீட்டில் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. இன்றைய கருவிகளின் எண்கள் வேறாக இருக்கும். ஆனாலும் சிலிக்கான் சில்லைச் செய்யும் வேலை ஆற்றலையும் நீரையும் விழுங்குவது மாறவில்லை. மறுமுனையில், 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை எறிந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் 22.3 விழுக்காடு மட்டுமே. ஆகவே அளவு என்பது பெட்டியின் நீள அகலத்தில் மட்டும் இல்லை, அது நம்மோடு வாழும் வருடங்களிலும் இருக்கிறது. மூன்று வருடத்தில் தூக்கிப்போடும் சிறு பெட்டியை விடப் பத்து வருடம் உழைக்கும் பெரிய பெட்டி மேலானது. திறந்து நினைவகத்தையும் எஸ்எஸ்டியையும் மாற்ற முடிகிற சிறு கணினி இரண்டையும் விட மேலானது. ஆப்பிளின் மேக் மினி போன்றவற்றில் நினைவகத்தைப் பிறகு கூட்ட வழியில்லை என்பதால், அவற்றை வாங்குபவர் எல்லையை முதல் நாளே சரியாக வகுத்தாக வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிட்ட, ஒரு லிட்டர் கொள்ளளவே உள்ள லெனோவோ, டெல், எச்பி சிறு கணினிகள் பழுது நீக்கி விற்கப்படுகின்றன. புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டிய சுமையே இல்லாததால் அறத்தின் கணக்கில் இவையே முன்னால் நிற்கின்றன.

நாளைக்கு வேண்டியிருக்குமே என்பது அடுத்த மறுப்பு. இதில் நியாயம் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத குறையால் விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவை ஆயின. நாளையை நினைக்காதவர் நஷ்டப்படுகிறார் என்பதற்கு இது சான்றுதான். ஆனால் உற்றுப் பார்த்தால் அந்தக் கணினிகள் வலிமை குறைந்ததால் விழவில்லை. அன்று உச்ச விலை கொடுத்து வாங்கியவையும் அதே வரிசையில் வெளியேறின. எதிர்காலத்துக்கென்று கூடுதலாகக் கொட்டிய பணம் அவற்றைக் காப்பாற்றவில்லை. எந்தத் தலைமுறைச் செயலி, எந்தப் பாதுகாப்பு வசதி என்று விசாரித்து வாங்கியவர்கள் தப்பினார்கள். லினக்ஸ் போட்டுக்கொண்டவர்கள் பழைய பெட்டியையே இன்றும் ஓட்டுகிறார்கள். நாளைக்கான முன்னெச்சரிக்கை அறிவால் ஆவது, குவிப்பால் ஆவதில்லை. வராத நாளுக்காகச் சேர்க்கும் மனம் எந்த அளவிலும் நிற்காது என்பதால்தான் சமயங்கள் குவிப்பைக் கண்டு அஞ்சின.

மூன்றாவது மறுப்பு ஆழமானது. போதும் என்று உபதேசிப்பது எப்போதும் இருப்பவருக்கு எளிது. ஆலையில் நின்றபடி உழைக்கும் ஒரு பெண் தன் மகளுக்கு நல்ல கணினி வாங்க நினைக்கும்போது, அளவைப் பற்றி அவரிடம் பேசுவது அவருடைய கனவைக் குறுக்குவதாகாதா? ஆகும், அந்த எல்லையை வேறொருவர் வகுத்தால். ஏழைக்கு இது போதும் என்று மேலிருந்து சொல்வது அறம் ஆகாது, அது அவமதிப்பு. அணுவிரதத்தில் எல்லையை வகுப்பவர் வீட்டுக்காரரே என்பதை இங்கே மீண்டும் நினைக்க வேண்டும். அந்த மகள் ஸ்ரீ சிட்டி ஐஐஐடியில் சேர்ந்து இயந்திரக் கற்றல் படிக்கிறார் என்றால், அவருடைய வேலை கேட்கும் அளவு பெரிது. அதை வாங்குவது ஆசை ஆகாது, கடமை. எட்டாம் வகுப்புப் பாடத்துக்கு விளையாட்டுக் கணினியை வாங்கிவிட்டு மாதத் தவணையில் மூச்சு முட்டுவதில் எந்தக் கண்ணியமும் இல்லை. மிஞ்சிய பணத்தில் நல்ல திரையும், கழுத்து வலிக்காத நாற்காலியும், மின்சாரம் போனால் எழுதியது அழியாமல் காக்கும் ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கினால் அந்தப் பிள்ளையின் படிப்புக்கு உண்மையில் உதவியதாகும்.

எல்லோரும் குறைவாக வாங்கினால் ஸ்ரீ சிட்டியின் வேலைகள் என்ன ஆகும் என்று கடைசியாகக் கேட்கலாம். தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி.குமரப்பா இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுதும் மல்லுக்கு நின்றவர். சிறையில் எழுதி 1945இல் வெளிவந்த, நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய நூல், இயற்கையின் சேமிப்பைக் கரைத்து ஓடும் பொருளாதாரம் நிற்காது என்று காட்டியது. ஒரு பொருளை வாங்குபவர் அது செய்யப்பட்ட நிலைமைகளுக்கும் பொறுப்பாளி என்று அவர் வாதிட்டார். அந்த வழியில் யோசித்தால், உழைப்பை மதிப்பதற்கு அடிக்கடி வாங்குவது வழி ஆகாது. ஒருவர் கண் வலிக்க உட்கார்ந்து பொருத்திய சர்க்யூட் பலகையை இரண்டே வருடத்தில் பரணில் போடுவது அந்த உழைப்பை வீணடிப்பது. பழுது பார்ப்பதும், பாகம் மாற்றுவதும், பழையதைச் சீராக்கி விற்பதும் வேலைகள்தான். அவை ஆலை மதிலுக்கு வெளியே, சூளூர்பேட்டையிலும் சத்தியவேட்டிலும் ஒரு சிறு கடைக்குள்ளேயே நடக்கக்கூடிய வேலைகள். ஓரிடத்தில் குறையும் வேலையை உடனே இன்னோரிடம் ஈடுகட்டிவிடும் என்று சொல்லவில்லை. அந்த மாற்றம் மெதுவானது, கடினமானது, அரசின் துணை வேண்டுவது. ஆனாலும் கழிவின் மேல் கட்டிய வேலை நெடுநாள் நிற்காது என்பதை மறைத்துத் தொழிலாளிக்கு நன்மை செய்ய முடியாது.

ஆகவே கணினி வாங்க நினைப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறும் முன், கைபேசியில் விலைப்பட்டியலைத் திறக்கும் முன், வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். இந்தக் கணினி யார் யாருக்கு, எந்தெந்த வேலைக்கு, எத்தனை வருடத்துக்கு, அதிகபட்சம் எவ்வளவு பணத்துக்கு என்று நான்கு வரி போதும். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதில் உள்ளதை நிறைவேற்றும் பெட்டி கிடைத்ததும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.