உணவில் அளவறிதல்



கோசல மன்னன் பசேனதி ஒரே வேளையில் ஒரு துரோண அளவு அரிசிச் சோற்றை உண்ணும் வழக்கமுடையவன். ஒருநாள் வயிறு புடைக்க உண்டு, பெருமூச்செறிந்தவண்ணம் சாவத்தியில் பகவன் புத்தரை அடைந்தான். பகவன் அவனை இகழ்ந்தாரில்லை. பட்டினி கிடக்கப் பணித்தாரும் இல்லை. நினைவோடிருந்து உணவில் அளவறிபவனுக்கு நோவு குறையும், முதுமை மெல்ல வரும் என்னும் கருத்தமைந்த காதையொன்றை அருளினார். சுதஸ்ஸனன் என்னும் இளைஞன் அதனைக் கற்று, மன்னன் உண்ணுந்தோறும் ஓதினான். அதைக் கேட்டு மன்னன் கடைசிக் கவளத்தை விடுப்பான். அக்கவளத்தின் அளவு அரிசி மறுவேளை உலையில் குறைக்கப்படும் என்பது உரைநூல் கூறும் விளக்கம். இங்ஙனம் படிப்படியாகக் குறைந்து ஒரு நாழி அளவில் நின்றது. மன்னன் உடல் நலமுற்றது.

ஒரு கவளம்! சீர்திருத்தம் அவ்வளவிலேயே தொடங்கிற்று என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.

மறுபுறம், உருவேலத்தில் கடுநோன்பால் எலும்புந்தோலுமான சித்தார்த்தர், சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்ற பின்னரே போதியடியில் அமர்ந்தார். நூற்பாலையில் உழைத்த நமக்கு இது விளங்காத செய்தியன்று. இழையை மிக இறுக்கினால் அறும். மிகத் தளர்த்தினால் சிக்கும்.

இக்காலத்தில் சிலர் அலுப்பையும் கவலையையும் தின்பண்டத்தால் ஆற்றுகின்றனர். வேறு சிலரோ, நீரிழிவென்று மருத்துவர் உரைத்த மறுநாளே சோற்றைப் பகையெனக் கருதிப் பட்டினி கிடக்கின்றனர். இன்சுலின் ஊசியோ அதுபோன்ற சில மாத்திரைகளோ கொள்வோர் வேளை தவறினால், இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கி விழவும் கூடும். மருத்துவர் வகுத்த அளவே அவர்க்கு அளவு. நலமுடையோர் தட்டில் ஒரு பிடி சோற்றைக் குறைத்து, அவ்விடத்தில் கீரையும் பருப்பும் சேர்ப்பாராக. வைசாகப் பௌர்ணமியன்று ஒரு கிண்ணம் பாயசத்தை மகிழ்ந்து உண்க, உண்டபின் வருந்தற்க.

அளவறிதல் குறைப்பது மட்டுமன்று. பானையின் அடியில் எஞ்சியதே இல்லாளின் பங்கென்னும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர்க்கு இரத்தச்சோகை காணப்பட்டது. அவர்க்கு அளவறிதலாவது, தட்டில் இன்னும் இடுவதேயாகும். அதனைத் தியாகமென்று புகழ்ந்து வாளாவிருத்தல் அறமாகாது.

ஆளவியில், தொலைந்த மாட்டைத் தேடியலைந்து பசியோடு வந்த உழவனுக்குச் சோறிடச் செய்த பின்னரே பகவன் அறமுரைத்தார் என்பர். ஆதலின் இன்றிரவு தாயும் தாரமும் மக்களும் உடனமர, அவர் தட்டை முதலில் நோக்குவோம். பின்னர் நம் கவளத்தை மெல்ல மென்று, பசி தணிந்தவிடத்துக் கையை நிறுத்துவோம்.

சாது! சாது! சாது!