எளியோர்க்கு வேண்டுவது ஆற்றலா, நீதியா?

அறம் பற்றிய வினாக்கள் பழைய ஏடுகளிலிருந்துதான் எழவேண்டும் என்பதில்லை. சில வேளைகளில் ஒரு சிறிய திரைப்படமும் நம்மைப் பெரியதொரு வினாவின் முன் கொண்டுவந்து நிறுத்திவிடும். ஒடுக்கப்பட்ட ஒருவன் திடீரென்று வானில் பறக்கும் வல்லமை பெறுகிறான் என்று ஒரு கதை சொல்கிறது. அதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சியின் அடியில் இருப்பது யாது? அவனுக்கு உரியது அவனை வந்தடைந்தது என்னும் நிறைவா? அன்றி, அதனை இனி நாம் கொடுக்க வேண்டியதில்லை என்னும் நிம்மதியா? இதனை ஈண்டுச் சற்று ஆராய்வோம்.

நாம் வாழும் மராட்டிய மாநிலத்தில், நாசிக் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் மாலேகான். விசைத்தறிகளின் ஓசையே அவ்வூரின் மூச்சு. அங்கே வீடியோ படக்கொட்டகை நடத்திவந்த ஷேக் நாசிர் என்பவர், பம்பாய்த் திரையுலகின் பெரும் படங்களைப் பகடி செய்து, ஊர் மக்களையே நடிகராக்கி, சிறிய வீடியோ கேமராவால் படங்கள் எடுத்தார். ‘ஷோலே’ படத்துக்கு மாலேகான் வடிவம் தந்த அவர், பின்னர் அமெரிக்கச் சூப்பர்மேனையும் தம் ஊருக்கு அழைத்துவந்தார். அந்த வீரனாக நடித்தவர் ஷபீக் ஷேக் என்னும் மெலிந்த விசைத்தறித் தொழிலாளி. பச்சைத் துணிக்கு முன்னே அவரைப் படம் பிடித்து, பின்னணியில் வானத்தைப் பொருத்திப் பறக்கவைத்தார்கள். இம்முயற்சியை ஃபைசா அகமது கான் 2008-ஆம் ஆண்டில் ஆவணப்படமாக்கினார். 2012-இல் அது திரையரங்குகளிலும் வெளியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டே ஷபீக் வாய்ப் புற்றுநோயால் மறைந்துவிட்டார். 2024-இல் ரீமா காக்டி இவ்வரலாற்றையே தழுவி ஓர் இந்தித் திரைப்படம் இயக்கினார்.

ஒட்டிய கன்னமும் மெலிந்த தோளும் உடைய சூப்பர்மேனைக் கண்டு சிரிப்போர் உண்டு. அவ்வூர் மக்களும் சிரித்தார்கள். ஆயினும் அந்தச் சிரிப்பு ஏளனம் அன்று. தறிக்கூடத்தில் நைந்த உடலும் வீரனின் உடலாகக் காட்டத் தக்கதே என்று கண்டுகொண்ட சிரிப்பு அது. வீரம் என்றால் அது பம்பாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோதான் வரவேண்டும் என்னும் எண்ணத்தை, கையில் காசில்லாத சிலர் ஒரு பச்சைத் துணியைக்கொண்டு மறுத்துவிட்டனர். எளியோர் தமக்குத் தாமே வல்லமையைக் கற்பித்துக்கொள்ளும்போது அஃது ஓர் உரிமைக் குரலாகின்றது.

இவ்வழக்கம் தமிழர்க்குப் புதியதும் அன்று. மதுரை வீரனும் காத்தவராயனும், சாதியின் வேலி தாண்டிக் காதலித்ததாகவும் கொடிய தண்டனைக்கு ஆளானதாகவும் கதைகள் கூறும். அவர்களை எளிய மக்கள் தெய்வமாக்கி வணங்கினார்கள். உயிரோடு இருந்தபோது கிடைக்காத நீதியை, இறந்தபின் தெய்வ வல்லமையாக மக்கள் வழங்கினர். கொன்றவர் மறந்துவிட விரும்பியதை மறக்கவிடாமல் செய்தது அந்த வழிபாடு.

சூப்பர்மேனின் பிறப்பும் இத்தகையதே. 1938-ஆம் ஆண்டு அச்சேறிய அக்கதையைப் படைத்தோர் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இளைஞர் இருவர். அமெரிக்காவில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். உலகின் மிக வலிய வீரனைப் படைத்தவர்கள், வெறும் 130 டாலருக்கு அவன்மீதான உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அந்த வீரன் அவர்களைக் காக்க வரவில்லை. செய்தித்தாள்களும் சக ஓவியர்களும் குரல் எழுப்பிய பின்னரே, 1975-ஆம் ஆண்டு, ஆண்டுதோறும் ஓர் உதவித்தொகை அவர்களுக்குக் கிடைத்தது. காத்தது பறக்கும் வல்லமை அன்று. பிறருடைய நியாய உணர்ச்சியே.

இனி இதன் மறுபக்கத்தைக் காண்போம். திருப்புன்கூரில் நந்தனார் இறைவனைக் காண்பதற்காக நந்தி விலகிற்று என்கிறது பெரியபுராணம். விலகியது கல்லே, அவரை வெளியே நிறுத்திய வழக்கம் இம்மியும் விலகவில்லை. அதனால் அன்றோ தில்லையில் அவர் தீயிற் புகவேண்டியதாயிற்று? இக்கதையை நெஞ்சுருகக் கேட்ட தலைமுறைகள் பல. கேட்டுக் கண்ணீர் பெருக்கிய அதே மக்கள்தாம் கோயில் வாயிலையும் காத்து நின்றார்கள். அற்புதம் அவர்களைக் குற்ற உணர்விலிருந்து விடுவித்தது. கடவுளே வழிசெய்துவிட்ட பிறகு மனிதர் செய்வதற்கு என்ன இருக்கிறது?

ஆகவே, கதையில் வரும் வல்லமையைக் காட்டிலும், அதனை யார் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. எளியோர் தாமே சொன்னால் அது உரிமைக் குரல். அவர்களைப் பற்றி நாம் சொல்லும்போது அது நமக்கு ஒரு சாக்காகிவிடக் கூடும்.

தாராவியைப் பற்றிய நம் பேச்சில் இந்தச் சாக்கு மிகுதியும் ஒலிக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவர், கும்பார்வாடாவில் மண் பிசைந்தவர், அப்பளம் இட்டுக் குடும்பம் காத்த பெண்கள் ஆகியோர் கட்டிய ஊர் அது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் கொரோனாத் தொற்று அங்கே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் அது கட்டுப்பட்டபோது உலகமே தாராவியைப் புகழ்ந்தது. அம்மக்கள் எதையும் தாங்குவார்கள் என்றோம். ஒருவரை ‘எதையும் தாங்குவார்’ என்று புகழ்வதற்கும், ‘இன்னும் சிறிது தாங்கட்டும்’ என்று சுமத்துவதற்கும் இடையே தொலைவு அதிகமில்லை. பொதுக் கழிப்பிடத்தின் முன் வரிசையில் நிற்பவருக்குத் தேவை நம் வியப்பு அன்று, இன்னுமொரு கழிப்பிடம்.

தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தில், 2000-ஆம் ஆண்டு சனவரி 1-ஆம் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தமைக்குச் சான்று காட்டுவோர்க்கே அவ்விடத்தில் விலையின்றி வீடு என்பது விதி. அங்கே ஒருவருடைய வாழ்வை முடிவுசெய்வது ஒரு பழைய மின்கட்டணச் சீட்டாக இருக்கலாம். அவருக்குப் பறக்கத் தெரிந்து பயன் என்ன? அச்சீட்டை வாங்கி, பொறுமையாகப் படித்து, உரிய இடத்தில் உரிய குறிப்பை எழுதும் ஒருவரே அவருக்குத் தேவை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மில் பலர் அலுவலக மேசைக்கு இப்புறம் அமர்ந்திருப்பவர்கள். கோப்பு ஒன்று ஒரு நாளில் நகர்வதும் ஓராண்டு கிடப்பதும் யார் கையில் உள்ளன என்பதை நாம் அறிவோம்.

வள்ளுவர் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில், அரசியலில் வைத்தார். ‘நடுவு நிலைமை’யையோ அறத்துப்பாலில், இல்லறவியலில் வைத்தார். வலிமையை எடைபோடுவது ஆள்வோர் கடமை என்றால், ஒருபாற் கோடாமை வீட்டில் வாழும் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமை என்று கொள்ளலாம் அன்றோ?

1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட சிலர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். அன்று நந்தி விலகவில்லை. எவரும் தீயிற் புகவில்லை. உள்ளே இருந்தோர் சிலர் வழிவிட, வெளியே இருந்தோர் காலால் நடந்து உள்ளே போனார்கள். அவ்வாண்டிலேயே அதற்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது.

மாலேகான் தொழிலாளியின் பறத்தலை நாம் மனமார வாழ்த்துவோம். அது அவர் உரிமை. ஆனால் அவரைப் போன்றோர் நம் முன் வந்து நிற்கும்போது, அவர் பறந்து காட்டவேண்டும் என்று எதிர்பாராதிருப்போம். நடந்து வருவோர்க்கு வழிவிடுவது நம்மால் ஆகும் செயலே.