ஏவலுக்கு மட்டும் ஒரு மொழி

ஒரு மனிதரின் மொழியைக் கற்றுக்கொள்வது அவருக்குச் செய்கிற மரியாதை என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. தமிழ் கற்ற பாதிரிமாரைப் பற்றி மேடைக்கு மேடை இதைத்தான் சொல்கிறோம். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. கற்கிறவர் அந்த மொழியில் எந்தப் பகுதியை எடுத்துக்கொள்கிறார், எதை வேண்டாமென்று விடுகிறார் என்று கேட்காமல் மரியாதையைப் பற்றி என்ன பேச முடியும்? அமெரிக்காவில் பெயிண்ட் அடிக்கிற தொழிலாளர்களை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம்.

அந்த நாட்டில் பெயிண்ட் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் லத்தீன் அமெரிக்க வழியினர். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் என்று பல நாடுகளிலிருந்து பிழைக்கப் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும். இப்படி ஆள் எடுப்பது புதிதல்ல. 1942 முதல் 1964 வரை 'ப்ராசேரோ' என்ற ஒப்பந்தத்தின் கீழ் மெக்சிகோவிலிருந்து லட்சக்கணக்கான ஆண்களை முக்கியமாக வயல் வேலைக்கு அழைத்துப் போனார்கள். 'ப்ராசோ' என்றால் ஸ்பானிஷில் கை. திட்டத்தின் பெயரிலேயே ஆள் இல்லை, கை மட்டும்தான். இன்றைக்கு ஏணிமேல் நிற்கிறவர் ஸ்பானிஷ் பேசுகிறார். கீழே நின்று வேலை வாங்குகிற மேனேஜருக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டும் தெரியும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் மேற்பார்வையாளருக்கான 'வேலைத்தள ஸ்பானிஷ்' பாடங்கள் வந்தன. சட்டைப் பையில் அடங்குகிற கைநூல், ஒலிநாடா, ஒருநாள் வகுப்பு என்று பல வடிவம்.

அப்படிப்பட்ட பாடங்கள் சிலவற்றைப் படித்துப் பார்த்தேன். முதலில் சாமான்களின் பெயர்கள். ப்ரோச்சா என்றால் பிரஷ், ரொதீயோ என்றால் ரோலர், எஸ்கலேரா என்றால் ஏணி. அப்புறம் நிறங்கள், எண்கள், கிழமைகள். அப்புறம் வேலை வருகிறது: இங்கே அடி, அங்கே தேய், இரண்டாவது கோட் கொடு, தரையை மூடு, பிரஷ்ஷைக் கழுவு, நாளைக்கு ஏழு மணிக்கு வா, சீக்கிரம். பக்கம் பக்கமாக இதுதான். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது இலக்கணம். ஏறத்தாழ எல்லாமே ஏவல் வினை. தன்மை இல்லை, படர்க்கை இல்லை, இறந்தகாலம் மருந்துக்கும் இல்லை. எதிரே நிற்கிறவருக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. 'தலை சுற்றுகிறது' என்று அவர் சொன்னால் அது என்ன ஒலி என்று மேனேஜருக்குச் சொல்லித்தரும் பக்கமும் கிடையாது. 'போன வாரக் கூலி வரவில்லை' என்பதற்கும் கிடையாது.

ஸ்பானிஷில் நம் நீ, நீங்கள் போலவே ஒரு வேறுபாடு உண்டு. 'தூ' என்றால் நீ. 'உஸ்தெத்' என்றால் நீங்கள். (தூ என்பது நம் காதுக்குக் காறித் துப்புகிற மாதிரி விழும். அந்தச் சொல்மேல் குற்றமில்லை. காதலர்களும் நண்பர்களும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் அழைக்கிறார்கள்.) 'பிந்தா' என்றால் பெயிண்ட் அடி, 'பிந்தே' என்றால் அடிங்க. வித்தியாசம் ஒரே ஒரு உயிரொலி. ஆங்கிலத்தில் எல்லோரையும் ஒரே சொல்லால் அழைத்துப் பழகிய மேனேஜர், தன் வாழ்நாளில் முதன்முறையாக, எதிரே இருப்பவர் நீயா நீங்களா என்று முடிவுசெய்ய வேண்டி வருகிறது. ஐம்பது வயது ஆளைப் பார்த்து இருபத்தைந்து வயது மேனேஜர் 'பிந்தா' என்கிறார். தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா என்பதை ஏணிமேல் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நம் மொழியில் நிலைமை இன்னும் மோசம். நட, வா, உண், தின் என்று வினைச்சொல்லின் பகுதியே ஒருமை ஏவலாக நிற்பதை நன்னூல் சொல்கிறது. எதையும் சேர்க்காமல், எந்தச் செலவும் இல்லாமல் ஒரு தமிழ் வினையைச் சொன்னால் அது கட்டளையாகிவிடுகிறது. மரியாதை வேண்டுமென்றால் '-ங்க' என்று ஓர் அசையைக் கூட்ட வேண்டும். அந்த ஓர் அசையைக் கொடுக்க மனமில்லாமல்தான் ஊர்த்தெருவின் சிறுசுகள் நம் தாத்தாக்களை 'வாடா போடா' என்று கூப்பிட்டார்கள்.

மெக்சிகோவில் யாராவது கூப்பிட்டாலோ, சொன்னது காதில் விழாவிட்டாலோ 'மாந்தே?' என்று கேட்கிற வழக்கம் உண்டு. நேர்ப்பொருள் 'கட்டளையிடுங்கள்'. பண்ணை அடிமைக் காலத்தின் மிச்சம் இது என்று சிலரும், வெறும் பணிவுச் சொல்தான் என்று சிலரும் அங்கே வாதாடுகிறார்கள். அந்த வாதத்தைத் தீர்க்க நான் ஆளில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் 'இன்னா ஆண்டே' என்று குனிந்து கேட்ட குரல்களைக் கேட்டு வளர்ந்தவனுக்கு 'மாந்தே' அந்நியச் சொல்லாகத் தெரியவில்லை.

இந்தவகைக் கைநூல் தமிழனுக்கும் புதிதல்ல. இலங்கையின் வெள்ளைக்காரத் தோட்டத்துரைகளுக்காக 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சட்டைப்பைத் தமிழ்நூல் வந்தது. சின்னத்துரைமார் தோட்டத்தில் இறங்கியதும் பேசப் பழக வேண்டிய தமிழ். அந்த நூலின் தலைப்பு என்ன தெரியுமா? 'இங்கே வா!' பிறகு 1915இல் இன்னொன்று: 'கூலித் தமிழ்'. சங்கம் வைத்து வளர்த்த மொழி என்று நாம் மார்தட்டுகிறோம். தேயிலை மலையில் அதன் பெயர் கூலித் தமிழ். அந்தத் தமிழைப் பேசியவர்களில் பெரும்பகுதி யார்? பள்ளர், பறையர், சக்கிலியர். ஊரில் மேல்சாதிக்காரரின் ஏவலைக் கேட்டுவிட்டு, கங்காணியோடு கடல் தாண்டி, துரையின் ஏவலையும் அதே தமிழில் கேட்டவர்கள். துரைக்குத் தமிழ் தெரிந்தது அந்த மக்களுக்கு என்ன வாங்கிக் கொடுத்தது? மூன்று நான்கு தலைமுறை உழைத்த பிறகு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது.

அதற்காகத் துரை தமிழே கற்றிருக்கக் கூடாது, மேனேஜர் ஸ்பானிஷே கற்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர் ஏணியில் ஏறாதவர். பெயிண்ட் வேலையில் ஆள் சாகிறது. அமெரிக்கக் கட்டடத் தொழிலில் சாவுக்கு முதல் காரணம் உயரத்திலிருந்து விழுவதுதான். மூடிய அறையில் தின்னர் ஆவி ஏறினால் தலை கிறுகிறுக்கும். 1978க்கு முன் கட்டிய வீடுகளின் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்த வருஷம்தான் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு அங்கே தடை வந்தது. பழைய சுவரைச் சுரண்டும்போது பறக்கிற தூள் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும். அப்பாவின் மடியில் ஏறுகிற குழந்தையின் உடம்பிலும் சேரும். 'குய்தாதோ' என்ற ஒரு சொல், ஜாக்கிரதை, சரியான நொடியில் சொல்லப்பட்டால் ஓர் உயிர். பாதுகாப்புப் பயிற்சியைத் தொழிலாளிக்குப் புரிகிற மொழியிலும் புரிகிற சொற்களிலும் கொடுக்க வேண்டும் என்று அந்நாட்டின் தொழில் பாதுகாப்புத் துறை 2010இல் தெளிவாக அறிவித்தது. இது பிச்சையல்ல, முதலாளியின் கடமை. இன்னொன்றும் உண்டு. மேனேஜருக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் தெரிந்தால் நடுவில் இருக்கிற இருமொழிக் கங்காணியின் பிடி கொஞ்சம் தளரும். முதலாளி சொன்ன கூலி ஒன்று, கைக்கு வந்தது ஒன்று என்ற கதை மொழி தெரியாத இடத்தில்தான் சுலபமாக நடக்கிறது.

ஆக, கட்டளை என்பதாலேயே அது இழிவு என்றாகிவிடாது. 'எழு' என்பதும் ஏவல்தான். அண்ணல் சொன்ன கற்பி, ஒன்றுசேர், போராடு மூன்றும் ஏவல்தான். என் கேள்வி வேறு. இந்த ஏவல் ஒரு திசையில் மட்டும் போகிறதா, திரும்பியும் வருகிறதா?

எங்க நைனா வெள்ளையடிக்கிற வேலை செய்தவர். சுண்ணாம்பை டிரம்மில் ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலக்கி, நார் மட்டையால் அடிக்கணும். பொங்கலுக்கு முந்தின மாதம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கைவிரல் இடுக்கு வெந்து கிடக்கும். ஒருமுறை ஒரு பெரிய வீட்டில், சுண்ணாம்புத் தண்ணி சிந்தின சிமெண்டுத் தரையில் மூங்கில் ஏணி சறுக்க ஆரம்பித்தது. நைனா மேலிருந்து, "ஆண்டே, ஏணியப் புடிங்க!" என்று கத்தினார். வீட்டுக்காரர் இரண்டு அடி தூரத்தில் நின்றிருந்தார். பிடிக்கவில்லை. நைனா குதித்துவிட்டார், கணுக்கால் பிசகியது. அதற்கப்புறம் வீட்டுக்காரர் கேட்டது: "எனக்கே வேல சொல்றியாடா?" அன்றைக்கு அரைக்கூலிதான். இருவருக்கும் தாய்மொழி ஒன்றே. அகராதி தேவைப்படவில்லை. 'புடிங்க' என்று அந்த ஓர் அசை மரியாதையும் சேர்த்துத்தான் சொன்னார் நைனா. ஆனாலும் அந்தச் சொல் கீழிருந்து மேலே போக வழியில்லை. 1920இல் அண்ணல் தன் முதல் பத்திரிகைக்கு 'மூக்நாயக்' என்று பெயர் வைத்தார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். நம் ஆட்கள் வாயில்லாமலா ஊமையானார்கள்?

அமெரிக்கத் தொழிலாளிக்கும் மேலே போகிற பாதையை அடைப்பது இலக்கணம் மட்டுமல்ல. ஆவணமில்லாமல் வேலை செய்கிறவரைச் சங்கம் வைக்க முயன்றார் என்று சட்டவிரோதமாக வேலையைவிட்டு நீக்கினாலும், இழந்த கூலியை அவருக்குத் தரச்சொல்லி உத்தரவிட முடியாது என்று 2002இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில் அதிபர் உத்தரவால் ஆங்கிலம் அதிகாரபூர்வ மொழியானது. ஆங்கிலம் சரளமில்லாதவர்களுக்கு அரசுத் துறைகள் உதவ வேண்டும் என்ற 2000ஆம் ஆண்டு உத்தரவு அதோடு ரத்தானது. ஸ்பானிஷ் பேசுவது, தினக்கூலிகள் கூடும் இடத்தில் நிற்பது, செய்கிற வேலையின் வகை போன்றவற்றை மட்டும் வைத்து ஆட்களைப் பிடிக்கக் கூடாதென்று லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் 2025 ஜூலையில் போட்ட தடையை, செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. சுவருக்குள்ளே மேனேஜர் கற்றுக்கொள்கிற அதே மொழி, தெருவுக்கு வந்தால் சந்தேகத்துக்கு ஆதாரம். இந்த நிலையில் எந்தத் தொழிலாளி துணிந்து வாயைத் திறப்பார்?

ஸ்பானிஷும் எல்லோருக்கும் தாய்மொழியல்ல. குவாத்தமாலாவிலிருந்து வருகிற பலர் மாம், கிச்சே போன்ற மாயா மொழிகள் பேசுகிறவர்கள். மெக்சிகோவின் தெற்கிலிருந்து வருகிறவர்களில் மிஷ்டெக், சப்போடெக் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஸ்பானிஷே பழைய எசமானின் மொழி. நம் சாதிக்கு ஆங்கிலேயர் வைத்த சொல்லும் போர்த்துக்கீசிய, ஸ்பானிய மொழிகளின் 'காஸ்தா'விலிருந்து வந்ததுதான். மனிதரை ரத்தத்தால் பிரித்துப் பெயரிட அந்தச் சொல்லை ஸ்பானியர் தம் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பயன்படுத்தினார்கள். 2010 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் குவாத்தமாலாவைச் சேர்ந்த தினக்கூலி ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. கையில் கத்தி வைத்திருந்தார், கீழே போடச்சொல்லி ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் கட்டளையிட்டோம் என்றது போலீஸ். அவருடைய தாய்மொழி கிச்சே. இரண்டு மொழியில் ஏவல் சொன்னதோடு தங்கள் கடமை முடிந்துவிட்டதாக அவர்கள் கணக்கு.

என்னைக் கேட்டால் அந்தக் கைநூலின் முதல் பக்கத்தில் 'பாரே' என்ற சொல் இருக்க வேண்டும். நிறுத்துங்கள். மேனேஜர் சொல்வதற்காக அல்ல. ஏணிமேல் இருப்பவர் கத்தும்போது மேனேஜரின் காதில் விழுந்து, அவர் கை உடனே நிற்பதற்காக. அடுத்தது 'எஸ்தோய் மரேயாதோ', எனக்குத் தலை சுற்றுகிறது. அடுத்தது 'மே தேபென்', எனக்குப் பாக்கி தரவேண்டும். பிரஷ்ஷும் ரோலரும் பத்தாம் பக்கத்தில் வரட்டும். அதைக் கையைக் காட்டியே புரியவைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் பிரச்சினை என்று விட்டுவிடவும் முடியாது. சென்னையிலும் கோவையிலும் திருப்பூரிலும் பீகார், ஒடிசா, வங்காளத்துப் பையன்கள் கட்டட வேலையும் பெயிண்ட் வேலையும் செய்கிறார்கள். அவர்களில் தலித்துகள், ஆதிவாசிகள், முஸ்லிம்கள் ஏராளம். வீட்டில் போஜ்புரியோ சந்தாலியோ பேசுகிறவர்களிடம் நம் மேஸ்திரிகள் நாலு இந்திச் சொல்லை வைத்து வேலை வாங்குகிறார்கள்: இதர் ஆவ், ஜல்தி கரோ. 'கீஜியே' என்ற மரியாதை வடிவத்தை ஒரு மேஸ்திரி வாயிலும் நான் கேட்டதில்லை. அந்த மேஸ்திரிகளில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எங்கள் சேரிப் பையன் ஒருவன் தாம்பரம் பக்கம் பெயிண்ட் மேஸ்திரி. அவனிடம், "தல சுத்துதுன்னு இந்தில எப்பிட்றா சொல்லுவாங்க?" என்று கேட்டேன். "அது எனக்கு எதுக்குண்ணே, அவனுங்கதான சொல்லணும்" என்றான். "அவங்க சொன்னா ஒனக்குப் புரியணுமில்ல?" கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, மேலே நின்ற பையனைச் சைகை காட்டி இறங்கச் சொல்லிக் கேட்டான். "சக்கர் ஆ ரஹா ஹை" என்று சொல்லிக்கொடுத்தான் அந்தப் பையன். இவன் மூன்று முறை திருப்பிச் சொன்னான். அங்கே கலவை போட்டுக்கொண்டிருந்த இன்னொரு பையன் அதைக் கேட்டு, மேஸ்திரிக்குத்தான் மயக்கம் என்று தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான். எல்லோரும் சிரித்தார்கள். கூலி பாக்கி இருக்கிறது என்பதற்கு என்ன சொல்வார்கள், அதையும் கேள் என்றேன். அதை மட்டும் அவன் கேட்கவில்லை. "அத காண்ட்ராக்டர்கிட்ட கேளுண்ணே" என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்து அடுத்த சுவருக்கு வைத்தான்.