ஊர்ல எங்க?

லண்டனுக்குப் படிக்கப் போய் இறங்கிய மூன்றாம் நாள், ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டுச் சமையலறையில் இந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. கேட்டவர் தமிழர். வீட்டை அறை அறையாக மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். டீ கொடுத்தார். அன்பாகத்தான் பேசினார்.

"சென்னைங்க."

"சென்னையில எங்க?"

"எண்ணூர் பக்கம்."

"பக்கம்னா?"

கையில் இரண்டு பெட்டிகள். வெளியே மழை. "திருவொற்றியூருங்க. வடிவுடையம்மன் கோயில் கிட்ட" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அறை கிடைத்தது.

என் ஊர் திருவொற்றியூர் இல்லை. மீஞ்சூருக்குப் பக்கத்தில் இருக்கிற வள்ளூர். 1500 மெகாவாட் அனல்மின் நிலையத்தால் ஊர்ப்பெயர் வெளியே தெரியும். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களிடம் வள்ளூர் என்று சொன்னால் பேச்சு அதோடு நிற்காது. "ஊரா, காலனியா?" என்று அடுத்த கேள்வி வரும். சாம்பல் இரண்டு இடத்திலும்தான் விழுகிறது. கேள்வி மட்டும் காலனிக்காரனுக்கு.

நான் சொன்னது பொய். இதில் சந்தேகமில்லை. அது தவறா என்பதுதான் இவ்வளவு நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற நம் பிள்ளைகள் பலரும் இதைக் கடந்துதான் போகிறார்கள். ஆனால் வெளியே பேசுவதில்லை. பேசியாக வேண்டும்.

நமக்கு முன்னால் இதே இடத்தில் நின்றவர் அம்பேத்கர். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே விடுதியில் அவரோடு தங்கிய நவல் பதேனா என்கிற பார்சி மாணவர் வாழ்நாள் நண்பரானார். பிறகு லண்டன். அயல்நாட்டில் இருந்த காலம், தான் தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பையே தன் மனதிலிருந்து துடைத்துவிட்டதாக அவர் எழுதியிருக்கிறார். 1917இல் வேலைக்காகப் பரோடா திரும்பியபோது தங்க இடமில்லை. பார்சிகளுக்கு மட்டுமான விடுதியொன்றில் பார்சிப் பெயரைப் பதிவு செய்து தங்கினார். பதினோராம் நாள் காலையில் கையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. நீ யார் என்று கேட்டது. அன்று மாலைக்குள் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஓர் இந்து நண்பரையும் ஒரு கிறித்துவ நண்பரையும் அணுகிப் பார்த்தார். இடம் கிடைக்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலேறி பம்பாய் போய்ச் சேர்ந்தார். இதை அவர் எழுதிய சிறு நூலுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். லண்டனுக்கு விசா வாங்கிய நான், ஓர் அறைக்கு விசா இல்லாமல் நின்ற அன்றுதான் அந்தத் தலைப்பு எனக்குப் புரிந்தது.

அம்பேத்கர் பொய் சொன்னார் என்று அவரைக் குற்றவாளியாக்க யாருக்காவது துணிவுண்டா? ஒருவன் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்றால், கேட்பவன் அந்த உண்மையை வைத்து அவனைத் தெருவில் தள்ளமாட்டான் என்கிற உத்தரவாதமும் வேண்டும். அந்த உத்தரவாதம் இல்லாத இடத்தில் 'ஊர்ல எங்க' என்பது விசாரிப்பு அல்ல, சோதனை. சோதனைச் சாவடியில் நிற்பவனிடம் வாய்மை பற்றிப் பாடம் எடுக்கக் கூடாது.

தோழர்கள் சிலர் இதை மறுக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893லேயே தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தாரே, மறைப்பது துரோகமல்லவா என்கிறார்கள். அந்தப் பெயரை நினைத்தால் எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் பத்திரிகை வழியாக ஒரு மக்கள் திரளை நோக்கிப் பெயரை அறிவிப்பது வேறு. அந்நிய நகரத்தில் தனியாக, இரவுக்குள் ஒரு படுக்கை தேடுகிறவன் வேறு. முதலாமவரின் வீரத்தை இரண்டாமவனுக்கு விதியாக்க முடியாது.

அதற்காக மறைப்பதற்கு விலையில்லை என்று சொல்லவில்லை. அந்த விலை என்ன என்பது எனக்கு இரண்டாம் மாதத்தில் தெரிந்தது. அம்மா போன் செய்தாள். "இன்னாடா, சோறு துன்னியா?" பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். "சாப்பிட்டேன் அம்மா. நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "யார்கிட்டயோ பேசற மாதிரி பேசறியே நைனா" என்றாள். வீட்டுக்காரரிடம் ஊரை மறைத்தேன், அது அவர் பொறுப்பு. அம்மாவிடம் அவளுடைய பேச்சையே மறைத்தேனே, அதற்கு யார் பொறுப்பு?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியவில்லை. பிரிட்டனின் சமத்துவச் சட்டம் 2010இல் வந்தது. அதில் சாதியையும் சேர்த்தாக வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் சொன்னது. 2018இல் அரசு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று ஒதுங்கிக்கொண்டது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். நம் அரசின் கதை வேறு. 2022இல், தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் போகிறவர்கள் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றி ஆய்வு செய்ய முடியாதபடி விதியை மாற்றியது. போகலாம், படிக்கலாம், உன் தெருவைப் பற்றி மட்டும் எழுதாதே. வீட்டுக்காரர் சமையலறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பார்த்ததை, அரசு ஆய்வேட்டில் எழுதாமல் செய்யப் பார்க்கிறது.

நாலாம் மாதம் அந்த வீட்டை விட்டேன். ஒரு நைஜீரிய மாணவரோடு சேர்ந்து வேறு அறை பிடித்தேன். அவரும் ஊர் எது என்று கேட்டார். வள்ளூர் என்றேன். அங்கே கடல் உண்டா என்று கேட்டார்.

இதிலிருந்து எனக்குத் தெளிந்தது ஒன்றுதான். முதலில் உண்மை சொல்லும் கடமை கதவுக்கு வெளியே நிற்பவனுடையது அல்ல. சாவி கையில் இருப்பவனுடையது. நமக்கு ஒரு கூரை கிடைத்த பிறகும் நாம் வாய் மூடிக்கொண்டிருந்தால், அடுத்து வருகிறவனும் வடிவுடையம்மனிடம்தான் முகவரி கடன் வாங்க வேண்டியிருக்கும். மறைத்தது தவறில்லை. ஒதுங்க இடம் கிடைத்த பின்பும் மறைத்துக்கொண்டே இருப்பதுதான் தவறாகிறது.

அடுத்த ஆண்டு விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி படிக்க வந்தான். அறை கிடைக்கும்வரை எங்களோடு தங்கிக்கொள்ளட்டும் என்று அழைத்து வந்தேன். பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றான். அவனிடம் நான் எதையும் கேட்கவில்லை. "நான் வள்ளூர் தம்பி, காலனி" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு பெட்டியை இறக்கி வைத்தான். ஊர்ப்பெயரைச் சொன்னான். தெருவையும் சொன்னான்.