தேர்வடமும் அடியார் கூட்டமும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாள் நிகழ்வது. அதிலே 24ஆம் நாளாகிய தேர்த்திருவிழாவன்று வீதியெங்கும் நிறையும் மக்கட்பெருக்கினை நம்மவருள் அறியாதார் இலர். நல்லூரில் மாத்திரமன்று; தேருடைய ஆலயம் யாதாயினும், அத்தினத்திலே ஊர் முழுவதும் ஒரு வடத்தின்மேற் கை வைக்க விரும்புகின்றது. இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. இக்காலத்து ஓர் இயந்திரத்தைப் பூட்டினால் தேர் விரைவிலே வீதியைச் சுற்றி வந்துவிடும். முற்காலத்தும் யானையும் எருதும் இல்லாமற் போகவில்லை. அங்ஙனமாகவும், நம் முன்னோர் மனிதர் கைகளையே வேண்டியது எற்றுக்கு? இதனை ஆராய்தல் நமக்கு இன்றியமையாதது. இதனை அறியாமையால் நம் நாட்டில் விளைந்த கேடு சிறிதன்று.

பலர் கூடினாற் பலம் மிகும் என்று பொதுவிற் கூறுகின்றோம். பிரான்சு தேசத்து வேளாண்மைப் பொறியியலாளராகிய ரிங்கெல்மான் என்பவர், பலர் கூடிக் கயிறு இழுக்குமிடத்துத் தோன்றும் விசையை அளந்து 1913ஆம் ஆண்டிலே வெளியிட்டார். எண்மர் சேர்ந்து இழுத்த விசை, அவர் தனித்தனி இழுத்த விசைகளின் கூட்டுத்தொகையில் ஏறக்குறையப் பாதியே என்று காணப்பட்டது. காரணம் இரண்டு. ஒருவன் இழுக்குங் கணத்திலே மற்றொருவன் தளர்த்துகின்றான். இது காலம் ஒவ்வாமை. பிறர் இழுப்பர் என்று எண்ணித் தன் முயற்சியிற் சிறிது குறைக்கின்றான். இது மனம் ஒவ்வாமை. ஆகவே, பலர் ஓரிடத்துத் திரண்டமை மாத்திரத்தானே அவர் ஒன்றுபட்டாராகார் என்பது தெளிவாகின்றது.

தேர் வீதியில் இவ்விரு குறைகளும் எவ்வாறு நீங்குகின்றன என்று நோக்குக. தவிலும் நாகசுரமும் முழங்க, ஒருவர் குரல் எடுக்க, ஆயிரம் பேர் “அரோகரா” என்று ஒலிக்கின்றனர். அவ்வொலியோடு ஆயிரம் பாதங்களும் ஒருங்கே ஊன்றுகின்றன, காலம் ஒத்தது. காலம் ஒத்தவழி மனமும் ஒக்குமோ எனின், ஒக்கும் என்றே இக்காலத்து ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர்.

அமெரிக்காவிலே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து வில்டெர்மத், ஹீத் என்னும் இருவர் 2009ஆம் ஆண்டிலே ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். சிலரைக் காலடி ஒத்து நடக்கும்படியும், வேறு சிலரைத் தத்தம் போக்கில் நடக்கும்படியும் செய்து, பின்னர், ஒருவரையொருவர் நம்பினாலன்றி ஊதியம் பெருகாத ஒரு விளையாட்டில் அவரை ஈடுபடுத்தினர். அடி ஒத்து நடந்தவரே மிகுதியும் ஒத்துழைத்தனர். 2010ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, கூடிப் பாடி ஆடிய 4 வயதுப் பிள்ளைகள், அவ்வாறு செய்யாத பிள்ளைகளினும் மிகுதியாக ஒருவருக்கொருவர் உதவினர் என்று காட்டியது. கனடா தேசத்திலே 14 மாதக் குழவிகளை ஏந்தி இசைக்கு இசைய அசைத்து, அவர்க்கு எதிரே நின்ற ஒருவரும் அவரோடு ஒத்து அசையும்படி செய்தனர். பின்னர் அவர் கைப்பொருளைத் தவறவிட்டபோது, ஒத்து அசைந்த குழவிகள், ஒவ்வாது அசைந்த குழவிகளினும் மிகுதியாக அதனை எடுத்துக் கொடுத்தன. இஃது 2014ஆம் ஆண்டிலே வெளிவந்தது. பேச்சறியாப் பருவத்தினும் இவ்வுறவு நிகழுமாயின், இஃது உபதேசத்தாற் பிறப்பதன்று, உயிரோடு ஒட்டிய இயல்பென்றே கொள்ளல் வேண்டும்.

யாம் இளமையிற் கிறிஸ்தவ சங்கத்தார் நிறுவிய பாடசாலையிற் பயின்றவேம். காலைதோறும் அங்கே பாடப்பட்ட பாட்டின் பொருளுக்கு உடன்படாத சைவப் பிள்ளைகளாகிய எமக்கும், உடன்பாடிய பிள்ளைகளிடத்து ஓர் உறவு உண்டாயிற்று. பொருளை மறுத்த மனம் உறவை மறுக்கவில்லை. கூடிப் பாடுதலின் வலிமை அத்தன்மைத்து.

இனி, நம் சமயத்தாரிடத்தே நடந்த ஆராய்ச்சி ஒன்று உளது. மொரீசியசுத் தீவிலே தமிழர் பல தலைமுறைகளாக முருகக்கடவுளை வழிபட்டு, தைப்பூசத்திலே காவடி எடுத்து வருகின்றனர். சிகலாட்டாஸ் என்பவரும் அவருடைய துணைவரும் அங்கே ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வழிபாடு முடித்து வந்தோர்க்கு 200 ரூபா ஊதியமாகக் கொடுத்து, அதில் விரும்பியதை எவரும் அறியாவண்ணம் ஆலயத்துக்கு ஈயலாம் என்றனர். கூட்டுவழிபாட்டில் அமர்ந்து வந்தவர் ஈந்ததினும், காவடி எடுத்தவரும் அவரோடு உடன்நடந்தவரும் மிகுதியாக ஈந்தனர். காவடியிற் சேர்ந்தோர்க்குத் தம்மை மொரீசியர் என்னும் பரந்த சமூகத்தினராகக் கருதும் எண்ணமும் மிக்கிருந்தது. நோவைச் சுமந்தவன் மனம் மாத்திரமன்றி, உடன்நடந்தவன் மனமும் விரிந்தது என்பது இங்கே அறியத்தக்கது.

அற்றேல், வழிபாட்டின் பயன் வீடுபேறன்றோ, ஊரொற்றுமை என்று கூறுதல் அதனைத் தாழ்த்துவதாகாதோ எனின், ஆகாது. உயிரைப் பிணித்த மலங்களுள் மூலமாவது ஆணவம். அது “யான்”, “எனது” என்னும் செருக்காய் நிற்கும். வடத்தைப் பற்றிய ஒருவன், தேர் நகர்ந்தபோது, தன்னால் நகர்ந்தது என்று சொல்லமாட்டான். தானின்றியும் நகர்ந்திருக்கும் என்று விலகவுமாட்டான். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாழிகையேனும் “யான்” என்பது மெலிந்து “நாம்” என்பது தோன்றுதல் ஆணவத்தைத் தேய்க்கும் பயிற்சியன்றோ? மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுள் ஈற்றிலுள்ளது, மலம் நீங்கினோர் அன்பரோடு கூடியிருத்தலையும், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே வழிபடுதலையும் கூறுகின்றது. ஞானம் முதிர்ந்தார்க்கே அடியார் கூட்டம் வேண்டப்படுமாயின், நம்மனோர்க்கு அஃது எவ்வளவு வேண்டப்படும்!

எனினும், ஒத்தியங்குதல் எப்பொழுதும் நன்மையே தரும் என்று கொள்ளற்க. மேற்கூறிய வில்டெர்மத் என்பவரே 2012ஆம் ஆண்டில் வேறொன்றையும் வெளியிட்டார். தம்மை ஏவுவோனோடு அடி ஒத்து நடந்தவர், சிறு பூச்சிகளைக் கொல்லுக என்று அவன் ஏவியபோது, ஏனையோரினும் மிகுதியானவற்றைக் கொல்லுங் கருவியென்று நம்பிய ஒன்றிலே இட்டனர். அணிவகுத்து ஒத்து நடந்த சேனைகள் உலகிலே செய்த கொடுமைகளையும் நாம் அறிவோம். ஆதலின், ஒத்தியங்குதல் கண்ணில்லாத ஒரு வலிமை. உள்ளே நிற்போரை ஒன்றாக்கும் அதுவே, புறத்தே நிறுத்தப்பட்டோர்மேற் பகையையும் ஏற்றிவிடும். அதற்குக் கண்ணாவது அறம். வடத்தைப் பிடிக்க யார் யாருக்கு இடமுண்டு என்னும் வினா இதனாலேயே சிறுவினாவன்று.

இவ்வினாவுக்கு நம் நாடு சொல்லிய விடை யாது? சாதி காரணமாக ஒருவரை வணக்கத்தலம் முதலியவற்றிற் புகாது தடுத்தல் குற்றமென்று 1957ஆம் ஆண்டிலே இலங்கையிற் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின்னும் 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலில், உள்ளே சென்று வழிபட விரும்பி வந்த அடியார் தடுக்கப்பட்டனர், கலகமும் விளைந்தது. 2018ஆம் ஆண்டிலே தென்மராட்சியில் ஓராலயத்துத் தேரினை மண்ணகழும் இயந்திரங்கொண்டு இழுத்தனர் என்னும் செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் வடத்திற் கை வையாதிருத்தற்கே இவ்வாறு செய்தனர் என்று பலர் குற்றஞ்சாட்டினர். ஆள் போதாமையே காரணம் என்பாரும் உளர். ஆள் போதாதெனின், அயலிலே நிற்கும் அடியாரை அழைப்பதன்றோ முறை? அவரை அழையாது இயந்திரத்தை அழைத்தமை என்னை? இரும்பு தேரை நகர்த்தும், மனத்தை நகர்த்துமோ? தேர் சுற்றியது, திருவிழா நிகழவில்லை.

தவிலின் ஓசையால் அன்றோ கைகள் ஒத்தன என்று மேலே கூறினாம். அவ்வோசைக்கு உரிய தோல் யாருடைய கையிலிருந்து வந்தது? சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே திருநாளைப்போவார் நாயனாருடைய திருத்தொண்டினைக் கூறுமிடத்து, சிவாலயங்களிலுள்ள பேரிகை முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அவர் கொடுத்து வந்தார் என்று சொல்லுகின்றார். ஆலயத்தை ஓரிசையிற் சேர்த்த பொருளைத் தந்தவர் வாயிலுக்குப் புறத்தே நின்றார். திருப்புன்கூரிலே சிவபெருமான் செய்தது யாது? மறைத்து நின்ற இடபதேவரை விலக்கி அவருக்குக் காட்சி அளித்தார். பெருமான் தம் வாகனத்தையே விலக்கிய இடத்து, நாம் அடியாரை விலக்குதல் எந்த ஆகமத்துக்கு ஏற்கும்?

சைவ நன்மக்காள்! செய்யத்தக்கவை சில கூறி முடிக்கின்றாம். வரும் ஆண்டுத் தேருக்கு, ஆலய தருமகர்த்தாக்களும் உபயகாரரும் ஊரின் எல்லாக் குறிச்சிகளுக்கும் தாமே நேரிற் சென்று, இன்னார் இனியார் என்னாது, வடம் பிடிக்க வருக என்று அழைப்பாராக. சட்டத்துக்கு அஞ்சி விடுதல் வேறு. அன்பினால் அழைத்தல் வேறு. பூசைக் காலத்திலே ஒலிபெருக்கியில் ஒலிப்பதிவுப் பாட்டினை ஓடவிட்டு அடியார் வாயை அடைத்தல் ஒழிக. கூடியிருப்போர் யாவரும் ஒரு தேவாரத்தையேனும் ஒருமித்து ஓதுக. குரலினிமை இல்லாதவரும் ஓதுக. ஒன்றுபடுதற்கு இனிய குரல் வேண்டுவதில்லை. பாடசாலைகளிலே பிள்ளைகள் பண்ணோடு கூடி ஓதும் வழக்கத்தை ஆசிரியராகிய நாம் கைவிடாதிருப்போமாக. அன்னதானத்திலே சமைப்போரும் பரிமாறுவோரும் உண்போரும் என்று ஊர் பிரிந்து நில்லாதிருக்க.

இவற்றைச் செய்யின், வெள்ளம் வந்த நாளிலும், வறுமை வந்த நாளிலும், ஒருவர் வீட்டிலே சாவு விழுந்த நாளிலும், வடம் பிடித்துப் பழகிய கைகள் அழையாமலே வந்து சேரும். எல்லா உயிர்க்கும் ஒருவராய் நின்று ஐந்தொழிற் கூத்து இயற்றும் சிவபெருமான், நம் மனங்களையும் ஒத்தியங்கச் செய்து திருவருள் புரிவாராக.